மாடல் விமானம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா? ஆன்டெனாவை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

விமானம் தரையில் குத்தியதும் பறக்கவிட்டவர் வாயில் முதலில் வருவது "சிக்னல் போயிடுச்சு" என்பதுதான். பல சமயம் அது சிக்னலாக இருக்காது. சிக்னலாகவே இருந்தாலும், ரேடியோவை மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரின் ஆன்டெனா நுனி எங்கே ஒட்டிக்கொண்டிருந்தது, கையில் பிடித்திருக்கும் டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதில்தான் விஷயம் இருக்கும்.

அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் மூன்றை எழுதி வையுங்கள். தடுமாறியபோது விமானம் எங்கே இருந்தது? அதன் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள்? ஆன்டெனாக் கோளாறுக்குத் திசை உண்டு. அதே இடத்தில், அதே சாய்வில் திரும்பத் திரும்ப வரும். திசையே இல்லாமல் நினைத்தபோது வருகிற கோளாறு என்றால் மின்சாரத்தையோ கனெக்டரையோ சந்தேகப்படலாம்.

கீழே பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவைப் பற்றித்தான் சொல்கிறேன். இன்று அதிகம் புழங்குவது அதுதான்.

சிக்னல் போனதா, மின்சாரம் போனதா?

இதைப் பிரிக்காமல் மேலே போகக் கூடாது. சிக்னல் அறுந்தால் ரிசீவர் உயிரோடுதான் இருக்கும். சிக்னல் இல்லாத நேரத்துக்கான பாதுகாப்பு ஏற்பாடு, அதாவது ஃபெயில்சேஃப், வேலைக்கு வரும்: மோட்டார் நிற்கும், இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சர்வோக்கள் நீங்கள் முன்பே சொல்லிவைத்த நிலைக்குப் போகும் அல்லது கடைசியாக இருந்த நிலையில் நிற்கும். சிக்னல் திரும்பியதும் பிடி சட்டென்று கைக்கு வந்துவிடும்.

மின்சாரம் சரிந்தால் ரிசீவரே அணைந்து மறுபடி எழும். அந்த இடைவெளியில் ஃபெயில்சேஃப் கிடையாது, சர்வோக்கள் தளர்ந்து கிடக்கும். பல ரிசீவர்களுக்குச் சுமார் 3.5 வோல்ட் என்பது கீழ் எல்லை. நான்கைந்து டிஜிட்டல் சர்வோக்கள் ஒரே நேரத்தில் இழுத்தால், தரம் குறைந்த பி.இ.சி. (பேட்டரி வோல்டேஜைக் குறைத்து ரிசீவருக்குத் தரும் சர்க்யூட்) கண நேரத்துக்கு அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். சாதாரண மல்டிமீட்டரில் இந்தச் சரிவு தெரியாது, அது அத்தனை வேகமாகக் காட்டாது. விமானம் டிரான்ஸ்மிட்டருக்குத் திருப்பி அனுப்பும் தகவலில், அதாவது டெலிமெட்ரியில், ரிசீவர் வோல்டேஜின் குறைந்தபட்ச அளவு பதிவாகும் என்றால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் விமானத்தைத் தரையில் வைத்தே, டிரான்ஸ்மிட்டரின் இரண்டு கட்டுப்பாட்டுக் குச்சிகளையும் முழு வீச்சில் கிண்டிக்கொண்டிருங்கள். ரிசீவர் விளக்கு அணைந்து எரிகிறதா, சர்வோக்கள் ஒரு நொடி செத்துப்போகின்றனவா என்று பாருங்கள். விழுந்த விமானத்தை எடுத்தவுடன் ரிசீவர் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால், சில ரிசீவர்களில் அதுவே "எனக்கு இடையில் மின்சாரம் நின்றது" என்று சொல்வதற்குச் சமம். பேட்டரியைப் பிடுங்குவதற்கு முன் அதைக் கவனித்துவிடுங்கள், பிடுங்கிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

ஃபெயில்சேஃபைச் சோதிக்க ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றி, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஆன்டெனா கதையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பக்கத்தில் நன்றாக இருக்கிறது, தூரம் போனால் எல்லாத் திசையிலும் தடுமாறுகிறது

எல்லாத் திசையிலும் என்றால், ஏதோ ஒன்று ஆன்டெனாவை மறைக்கும் நிழல் பிரச்சினை இல்லை. மொத்தமாகச் சக்தி குறைகிறது.

முதலில் கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரைப் பாருங்கள். குச்சி மாதிரி இருக்கும் ஆன்டெனாவின் நுனி விமானத்தைக் குறிபார்த்துக்கொண்டு இருக்கிறதா? டார்ச் அடிப்பதைப் போல நுனியை நீட்டினால் சக்தி அங்கே பாயும் என்று மனசு நம்பிவிடுகிறது. நடப்பது நேர் எதிர். குச்சி ஆன்டெனா தன் பக்கவாட்டில்தான் அலையை வீசும். நுனி காட்டும் திசையில் ஏறக்குறைய ஒன்றுமே போகாது. காற்றடைத்த சைக்கிள் டியூபின் நடு ஓட்டையில் ஆன்டெனாவைச் செருகியது போல நினைத்துக்கொள்ளுங்கள். டியூப் இருக்கும் இடமெல்லாம் சிக்னல், ஓட்டையின் மேலும் கீழும் வெறுமை. ஆகவே விமானம் எதிரே பறக்கும்போது ஆன்டெனா குறுக்கே கிடக்க வேண்டும் அல்லது செங்குத்தாக நிற்க வேண்டும். மூட்டுள்ள ஆன்டெனா என்றால் மடக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது பழகிய வழி.

அது சரியாக இருந்தால் கனெக்டர். டிரான்ஸ்மிட்டரில் தனியாக மாட்டும் வெளி மாட்யூல் (அலையை அனுப்பும் பெட்டி) வைத்திருப்பவர்கள் எஸ்.எம்.ஏ., ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. என்ற இரண்டு வகைத் திருகு கனெக்டர்களையும் கலந்துவிடுவார்கள். மரை ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தும், இறுக்கமாக நிற்கும். ஆனால் நடுவில் பாருங்கள்: ஒரு பக்கம் ஊசி இருந்தால் மறுபக்கம் துளை இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் துளையாக இருந்தால் உள்ளே ஒன்றும் தொடவே இல்லை, ஆன்டெனா அலங்காரத்துக்கு நிற்கிறது. அப்படி ஓட்டினால் தூரம் குறைவதோடு, அனுப்பும் சர்க்யூட்டே சூடாகிப் பழுதாகவும் கூடும். ஆன்டெனா இல்லாமல் மாட்யூலை ஆன் செய்யாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

ரிசீவர் பக்கம் இருக்கும் குட்டி அழுத்து கனெக்டர் இன்னும் மோசம். அது சுமார் 30 தடவை மாட்டிக் கழற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. நான்கு விமானங்களுக்கு ஒரே ரிசீவரை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் அந்தக் கணக்கைச் சீக்கிரமே தாண்டிவிடுவார்கள். விரலால் லேசாகத் தொட்டால் சுழல்வது இயல்பு. தூக்கினால் கழன்று வரக் கூடாது. மாட்டியபின் மேலே ஒரு சொட்டு சூட்டுப் பசை வைத்துவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் பிறகுதான் மெனுவில் பவர் அளவைப் பார்க்க வேண்டும். யாராவது சோதனைக்காகக் குறைத்துவைத்து மறந்திருக்கலாம். எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். போன்ற ரேடியோ முறைகளில் பாக்கெட் வேகமும், அதாவது நொடிக்கு எத்தனை முறை கட்டளை போகிறது என்பதும், சேர்ந்துகொள்ளும்: 500 ஹெர்ட்ஸில் ரிசீவர் சுமார் மைனஸ் 105 டி.பி.எம். (சிக்னல் சக்தியின் அளவு) வரை கேட்கும், 50 ஹெர்ட்ஸில் அதைவிட மெல்லிய மைனஸ் 115 வரை. அந்த 10 டெசிபல் என்பது திறந்தவெளியில் மூன்று மடங்கு தூரம். நிதானமாக மிதக்கும் கிளைடருக்கு 500 ஹெர்ட்ஸ் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒரு குறிப்பிட்ட திருப்பத்தில் மட்டும், அல்லது விலகிப் போகும்போது மட்டும்

ஆன்டெனா வைப்பதில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த அறிகுறியாகத்தான் வெளியே வரும். இடது பக்கம் சாய்ந்தால் துடிக்கிறது, வலது பக்கம் சாய்ந்தால் இல்லை. வாலைக் காட்டிக்கொண்டு போனால் எச்சரிக்கை வருகிறது, மூக்கைக் காட்டிக்கொண்டு வந்தால் வரவில்லை.

ரிசீவரை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மெல்லிய கோஆக்ஸ் ஒயர் ஒன்றோ இரண்டோ வெளியே வரும். கடைசியில் மேலுறையும் அதனுள் இருக்கும் பின்னலும் முடிந்து, மெல்லிய உள்ளுறை மட்டும் கொஞ்சம் நீண்டிருக்கும். அளந்தால் சுமார் 31 மி.மீ. இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைநீளத்தில் கால் பங்கு. கேட்பது அந்த 31 மி.மீ. மட்டும்தான். மற்ற நீளமெல்லாம் சிக்னலைக் கொண்டுபோகும் குழாய், அதை வளைக்கலாம், எதை ஒட்டியும் ஓட்டலாம். பலர் கோஆக்ஸை வெகு நேர்த்தியாக 90 டிகிரியில் பிரித்து ஒட்டிவிட்டு, நுனிகள் இரண்டையும் ஏதோ மிச்சம் போல பேட்டரிக்குப் பின்னால் செருகிவிடுகிறார்கள். 90 டிகிரி வேண்டியது நுனிகளுக்கு.

ஏன் 90? ரிசீவர் நுனிக்கும் அதே டியூப், அதே ஓட்டை. ஒரு நுனியின் வெறுமைத் திசை உங்களைப் பார்க்கும்போது இன்னொன்றின் பக்கவாட்டு உங்களைப் பார்க்க வேண்டும். இரண்டும் இணையாகக் கிடந்தால் இரண்டும் சேர்ந்தே குருடாகும், இரண்டு வைத்ததற்கே அர்த்தமில்லை. இதோடு வாட்டமும் சேர்ந்துகொள்ளும். டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனா செங்குத்தாகவும் ரிசீவர் நுனி படுக்கையாகவும் இருந்தால் 20 டெசிபல் வரைகூட இழப்பு வரும். விமானம் புரண்டுகொண்டே இருக்கும் என்பதால் இதை ஒரே நுனியால் தவிர்க்க முடியாது.

என் பழக்கம், ஒரு நுனியைச் செங்குத்தாகவும் இன்னொன்றை இறக்கையின் வாட்டத்திலும் வைப்பது. உடலின் நீளவாக்கில் ஒன்றை வைப்பதைக் கூடியவரை தவிர்ப்பேன். விமானம் அதிக தூரத்தில் இருப்பது பெரும்பாலும் வாலைக் காட்டி விலகும்போதோ மூக்கைக் காட்டித் திரும்பும்போதோதான். நீளவாக்கில் வைத்த நுனி சரியாக அந்த இரண்டு சமயங்களிலும் உங்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும்.

அடுத்தது நிழல். பால்சா, ஃபோம், கண்ணாடி இழை, கெவ்லார் எல்லாம் இந்த அலைக்கு இருப்பதாகவே தெரியாது. கார்பன் ஃபைபர் சுவர். பேட்டரி, மோட்டார், ஸ்பீடு கன்ட்ரோலர், இரும்புப் புஷ்ராடு, வெள்ளி நிற உலோகப் பூச்சுள்ள சில ஃபிலிம்கள், உலோகத் துகள் கலந்த பெயின்ட் ஆகியவையும் மறைக்கும். கண்ணில் படாமல் ஏமாற்றுவது இறக்கைக்குள் ஓடும் கார்பன் குழாய். "என் விமானம் முழுக்க ஃபோம்தானே" என்பார்கள், நுனி அந்தக் குழாயை ஒட்டியே படுத்திருக்கும். கடத்தும் பொருள் எதிலிருந்தும் குறைந்தது 2, 3 செ.மீ. விலக்குங்கள், இடம் இருந்தால் இன்னும் தள்ளுங்கள். முழுக் கார்பன் உடல் என்றால் பேசிப் பயனில்லை, நுனி வெளியே வர வேண்டும். துளை போட்டு, மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, 31 மி.மீ. முழுவதும் உடலுக்கு வெளியே நிற்கும்படி செய்யுங்கள். ஒன்று மேலே என்றால் மற்றது பக்கவாட்டில். உடலே குறுக்கே நின்று மறைக்குமளவு பெரிய விமானம் என்றால், இரண்டாவது ரிசீவரை அடுத்த பக்கம் வைப்பதுதான் தீர்வு.

சரிசெய்தது சரிதானா என்று பறக்கவிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். ரேஞ்ச் டெஸ்ட் மோடில் டிரான்ஸ்மிட்டர் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் செட்டின் கையேடு சொல்லும் தூரத்துக்குப் போங்கள், பல செட்டுகளில் அது 30 மீட்டர் வாக்கில் இருக்கும். சக்தி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்றால் தூரம் சுமார் 32-ல் ஒரு பங்காகும். 30 மீட்டரில் பிடி இருந்தால் முழுச் சக்தியில் 900 மீட்டருக்கு மேல் என்று கணக்கு. ஆனால் வெறுமனே 30 மீட்டரில் நின்று குச்சியை ஆட்டிவிட்டு "ஓகே" என்று திரும்புவது பாதிச் சோதனை. விமானத்தை மரப்பெட்டி மாதிரி உலோகமில்லாத எதன் மேலாவது இடுப்பு உயரத்தில் வைத்து, கூட வந்தவரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள்: மூக்கு, இடது இறக்கை, வால், வலது இறக்கை, அப்புறம் வயிற்றைக் காட்டி, முதுகைக் காட்டி. திருப்புகிறவர் தன் உடம்பால் மறைக்காமல், உங்களுக்கு விமானத்துக்கும் அப்பால் நிற்க வேண்டும். மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை நன்றாகவே விழுங்கும். ஒவ்வொரு நிலையிலும் சிக்னல் வலுவைக் காட்டும் ஆர்.எஸ்.எஸ்.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 3, 4 டெசிபல் ஏற்ற இறக்கம் எல்லா விமானத்திலும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் 12 டெசிபல் விழுந்தால் அந்தப் பக்கம் உங்கள் தூரம் கால்வாசிதான். 6 டெசிபலுக்கு ஒரு பாதி என்பதுதான் கணக்கு. எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்திலிருந்து நுனிக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். நடுவில் நிற்பதுதான் குற்றவாளி.

நேரே எதிரில் நன்றாக இருக்கிறது, இரு ஓரங்களில் அல்லது தலைக்கு மேல் வந்தால் கெடுகிறது

இது விமானத்தின் தவறு இல்லை. ஆன்டெனாவைப் பக்கவாட்டில் மடக்கியிருந்தால் வெறுமைத் திசை உங்கள் இடதும் வலதும். விமானம் ஓரத்துக்குப் போகும்போது தலையை மட்டும் திருப்பிப் பார்த்தால் ஆன்டெனா நுனி அதைக் குறிபார்க்கத் தொடங்கும். உடம்பையும் டிரான்ஸ்மிட்டரையும் சேர்த்துத் திருப்புங்கள். செங்குத்தாக நிறுத்தியிருந்தால் வெறுமை தலைக்கு மேலே வரும். அங்கே விமானம் பொதுவாகக் கிட்டத்தில் இருப்பதால் தப்பித்துவிடும். உச்சியில் மிக உயரத்துக்குக் கிளைடரை ஏற்றுகிறவர்கள்தான் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

விமானத்தின் கேமரா காட்சியை வீடியோக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு பறக்கவிடுகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல். விமானம் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் ஒரே திசையில் உட்கார்ந்திருப்பார்கள், அது முதுகுப் பக்கம் போயிருக்கும். இடையில் நிற்பது அவர்கள் உடம்புதான்.

தாழ்வாக, தூரத்தில் வந்தால் மட்டும்

உயரத்தில் அதே தூரத்தில் பிரச்சினை இல்லை, தரைக்குப் பக்கத்தில் இறங்கினால்தான் வருகிறது என்றால் தரைதான் காரணம். கண்ணுக்கு விமானம் தெரிகிறது என்பது போதாது. அலை ஒரு கோடாகப் போவதில்லை, நடுவில் உப்பி ஒரு இடம் எடுத்துக்கொள்ளும். 500 மீட்டர் தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்த உப்பலின் நடு ஆரம் சுமார் 4 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. நீங்கள் டிரான்ஸ்மிட்டரை ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கிறீர்கள், விமானம் 3 மீட்டரில் பறக்கிறது என்றால் நடுவில் கோட்டின் உயரம் 2 மீட்டர்தான். தேவையான 2.4 மீட்டர் அங்கே இல்லை. ஈரப் புல்லும் மழையில் நனைந்த மரமும் இதை இன்னும் கெடுக்கும்.

டிரான்ஸ்மிட்டரை நெஞ்சு உயரத்துக்குத் தூக்குங்கள். மேடான இடத்தில் நில்லுங்கள். காருக்குப் பின்னாலும் கம்பி வேலிக்குப் பின்னாலும் நிற்காதீர்கள். தூரத்தில் தாழப் பறப்பதை விட்டுவிடலாம் என்பதும் ஒரு தீர்வுதான். தடுமாறியவுடன் செய்ய வேண்டியது ஒன்றே: பிடி வந்த கணத்தில் உயரம் ஏற்றுங்கள், திருப்புவது அப்புறம்.

த்ராட்டில் ஏற்றினால் துடிக்கிறது

மோட்டார் நிற்கும்போது எல்லாம் சரி, ஓடினால் கெடுகிறது. மூன்று சாத்தியம். ஒன்று, மேலே சொன்ன வோல்டேஜ் சரிவு. இரண்டாவது அதிர்வு: அரைகுறையாக உட்கார்ந்த அழுத்து கனெக்டர் அதிரும்போது தொட்டும் தொடாமலும் ஆடும். மூன்றாவது, ஸ்பீடு கன்ட்ரோலர் அல்லது பெட்ரோல் இன்ஜினின் பற்றவைப்பு எழுப்பும் மின் இரைச்சல். விமானத்தை இறுகக் கட்டிவைத்து, ரேஞ்ச் டெஸ்ட் மோடில், மோட்டாரை நிறுத்தியும் ஓட்டியும் இரண்டு முறை தூரத்தை அளந்து பாருங்கள். ப்ரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது. ஓட்டும்போது மட்டும் தூரம் கணிசமாகக் குறைந்தால் ரிசீவரையும் நுனிகளையும் ஸ்பீடு கன்ட்ரோலரிலிருந்து விலக்குங்கள். பேட்டரி ஒயர்களை நுனிக்கு இணையாக ஓட்டாதீர்கள். பெட்ரோல் இன்ஜின் என்றால் ரெசிஸ்டர் ப்ளக், உலோகப் பின்னல் போட்ட ப்ளக் மூடி இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பற்றவைப்புக்கும் ரிசீவருக்கும் 30 செ.மீ. இடைவெளி கொடுங்கள்.

டெலிமெட்ரி போய்விட்டது என்று கத்துகிறது, விமானம் ஒழுங்காகவே பறக்கிறது

பயந்துபோய் அவசரமாக இறக்கி உடைத்துக்கொள்ள வேண்டாம். கீழிருந்து மேலே போகும் கட்டளையும் மேலிருந்து வரும் தகவலும் தனித்தனிப் பாதை. ரிசீவர் பொதுவாக மிகக் குறைந்த சக்தியில்தான் திருப்பி அனுப்பும், சில மாடல்களில் இரண்டு ஆன்டெனாவில் ஒன்றிலிருந்து மட்டும். அதனால் தகவல் முதலில் அறும், கட்டளை இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும். எச்சரிக்கையை மதித்துத் திரும்பி வாருங்கள், அவ்வளவுதான். வழக்கத்தைவிடக் கிட்டத்திலேயே கத்தத் தொடங்கினால்தான் கனெக்டரையும் நுனியையும் பார்க்க வேண்டும்.

மேஜையில் மட்டும் படுத்துகிறது

ரிசீவர் டிரான்ஸ்மிட்டரோடு பைண்ட் ஆக (இணைய) மறுக்கிறது, சிக்னல் எச்சரிக்கை வருகிறது, டிரான்ஸ்மிட்டர் விமானத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. காதருகே கத்தினால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. இரண்டு மீட்டர் தள்ளிப்போய் மறுபடி பாருங்கள்.

கேமரா மாட்டியதிலிருந்து தூரம் குறைந்துவிட்டது

ஆக்ஷன் கேமராவின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஓடும், மாட்டுவதற்கு முன் அணைத்துவிடுங்கள். 1.2 கிகாஹெர்ட்ஸ் வீடியோ அனுப்பியின் இரண்டாம் மடங்கு அலை நேராக 2.4-ல் வந்து விழும். 1.2 வீடியோவையும் 2.4 ரேடியோவையும் ஒரே விமானத்தில் சேர்க்காமல் இருப்பது உத்தமம். 5.8 கிகாஹெர்ட்ஸ் அவ்வளவு மோசமில்லை, என்றாலும் அதன் ஆன்டெனாவை ரிசீவர் நுனிக்குப் பக்கத்தில் வைத்தால் ரிசீவரின் காது மந்தமாகும். வீடியோ அனுப்பி ஒரு கோடியில், ரிசீவர் மறுகோடியில் என்று பிரியுங்கள்.

ஒருமுறை விழுந்து எழுந்தபின் பழையபடி இல்லை

வெளியே ஒன்றும் தெரியாது. பின்னல் முடிந்து நுனி தொடங்கும் அந்த இடத்தை நகத்தால் மெதுவாக வளைத்துப் பாருங்கள், உடைவது அங்கேதான். உறை முழுசாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். மூடியின் விளிம்பில் நசுங்கிய தடம், சூட்டுப் பசை பட்டு உருகிய இடம் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். கழற்றி மாட்டும் வகை என்றால் ஆன்டெனாவையே மாற்றுங்கள், மலிவானது. ரிசீவரோடு ஒட்டிய வகையில் கோஆக்ஸ் நீளம் மிச்சமிருந்தால், உடைந்த இடத்துக்கு உள்ளே வெட்டி, மேலுறையையும் பின்னலையும் மட்டும் 31 மி.மீ.க்கு உரித்து, புது நுனி உண்டாக்கலாம். பின்னலின் ஒரு இழைகூட உள்கம்பியைத் தொடக் கூடாது. 2, 3 மி.மீ. கூடுதலாகவோ குறைவாகவோ உரித்தாலே பொருத்தம் கெடத் தொடங்கும், அளவுகோலை வைத்தே செய்யுங்கள்.

இந்த 31-ஐ வேறு அலைவரிசைக்குக் கொண்டுபோகாதீர்கள். 915 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை சுமார் 82 மி.மீ., 868-க்கு 86. பழைய 35, 72 மெகாஹெர்ட்ஸ் செட் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு விதி வேறு மாதிரி: ரிசீவரிலிருந்து தொங்கும் சுமார் ஒரு மீட்டர் ஒயர் முழுவதுமே ஆன்டெனா. அழகுக்காக வெட்டவும் கூடாது, இடம் போதவில்லை என்று சுருட்டி உள்ளே திணிக்கவும் கூடாது. வால் வரைக்கும் நேராக இழுத்து, மிச்சத்தைப் பின்னால் தொங்கவிடுங்கள்.